அடி அண்ணாமலையில் கேட்ட 'பரவாயில்லை'

திருவண்ணாமலையில் அண்ணாமலையாருக்கு இரண்டு பெயர்பெற்ற கோயில்கள் உண்டு. ஒன்றை உலகம் அறியும். மலையின் கிழக்கு அடிவாரத்தில் 11 நிலைகளோடு, 217 அடி உயரத்தில் நிமிர்ந்து நிற்கும் ராஜகோபுரத்தைக் கண்டவர்கள் அதை ஒருநாளும் மறப்பதற்கில்லை. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் தொடங்கிவைத்த திருப்பணி அது. தஞ்சை நாயக்கர் காலத்தில் நிறைவேறியது. செஞ்சியைத் தாண்டி வரும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் முதலில் மலையைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஊர் நெருங்கியதும் கோபுரத்தைக் கண்டு மறுபடியும் போட்டுக்கொள்வார்கள்.

மற்றொரு கோயிலை அவ்வளவு பேர் அறிந்ததாகச் சொல்ல முடியாது. மலையை வலம் வரும் வழி 14 கிலோமீட்டர். அதில் ஏறக்குறையப் பாதி தூரம் நடந்து மேற்குப் புறத்துக்கு வந்தால், வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் இடையே ஒரு கிராமம் வருகிறது. அதுதான் அடி அண்ணாமலை. அங்கே இருக்கிறது இரண்டாவது கோயில். பிரம்மதேவனே பிரதிஷ்டை செய்த லிங்கம் என்றும், கிழக்கே உள்ள பெரிய கோயிலைவிட இதுவே மூத்தது என்றும் ஊரார் சொல்லுகிறார்கள். 'ஆதி அண்ணாமலை' என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் ஊருக்கு வழங்கும் பெயர் என்னவோ அடி அண்ணாமலைதான்.

இந்தப் பெயரை நினைக்க நினைக்க எனக்கு ஒரு வேடிக்கை தோன்றுவது வழக்கம். 'ஆதி' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளும் உரிமை இருந்தும், 'அடி' என்று தாழ்ந்து சொல்லிக்கொண்டு மலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது இவ்வூர். மூத்தவர் சில குடும்பங்களில் திண்ணை மூலையில் உட்கார்ந்திருப்பார். வந்தவர்கள் எல்லோரும் சம்பாதிக்கும் இளையவரைத் தேடிக்கொண்டு கூடத்துக்குள் போய்விடுவார்கள். அந்த மாதிரிதான்.

குறைத்துச் சொல்வது என்ற குணத்துக்கும் இந்த ஸ்தலத்துக்கும் உறவு புராண காலத்திலேயே ஏற்பட்டுவிட்டது. பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் 'நீ பெரியவனா, நான் பெரியவனா?' என்ற வழக்கு வந்தது. சிவபெருமான் அடியும் முடியும் காணமுடியாத ஜோதியாக நின்றார். விஷ்ணு பன்றியாகி அடியைத் தேடிப் பூமியைத் தோண்டிக்கொண்டு போனார். பிரம்மா அன்னமாகி முடியைத் தேடிப் பறந்தார். விஷ்ணு திரும்பி வந்து, 'காணவில்லை' என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். பிரம்மாவோ வழியில் அகப்பட்ட தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்துக்கொண்டு வந்து, 'கண்டேன்' என்றார். அதன் பலன் என்ன? பிரம்மாவுக்குக் கோயில் இல்லாமற் போயிற்று. தாழம்பூவுக்குச் சிவ பூஜையில் இடம் இல்லாமற் போயிற்று. மிகைபடச் சொன்ன குற்றத்துக்கு இதைவிடப் பெரிய தண்டனை எந்தப் புராணத்திலும் கிடையாது என்று நினைக்கிறேன். அப்படிப்பட்ட பிரம்மாவே பிற்பாடு மலைக்குப் பின்புறம் வந்து, சந்தடியில்லாமல் ஒரு லிங்கத்தை ஸ்தாபித்தார் என்று கேட்கும்போது, அவருக்கும் புத்தி வந்துவிட்டது என்று மனம் ஆறுதல் அடைகிறது.

நான் தொழிலால் உபாத்தியாயன். ஆகையால் எதைப் பார்த்தாலும் இலக்கணம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்ல வந்த நன்னூலார், முதலாவதாகக் குன்றக் கூறலையும் இரண்டாவதாக மிகைபடக் கூறலையும் வைத்தார். ஒரு விஷயத்தைக் குறைத்துச் சொல்வதும் குற்றம், கூட்டிச் சொல்வதும் குற்றம். நூல் எழுதுகிறவர்களுக்கு அது சரிதான். ஆனால் மனிதர்கள் நூல் பேசுவதில்லையே. வாழ்க்கையை அல்லவா பேசுகிறார்கள்! வாழ்க்கையில் குன்றக் கூறல் சில வேளை குற்றமாகவும், சில வேளை குணமாகவும், சில வேளை தைரியமாகவும் இருக்கிறது. அது எப்போது எது என்று கண்டுபிடிப்பதுதான் சிரமம். அந்தச் சிரமத்தைப் பற்றிய பாடம் ஒன்று, சென்ற கோடை விடுமுறையில் அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை வாசலில் நடந்தது.

* * *

கிரிவலத்துக்குப் பௌர்ணமியன்று போவதே வழக்கம். அன்று லக்ஷக்கணக்கான ஜனங்கள் நடப்பார்கள். முன்னால் போகிறவர் முதுகைத் தவிர வேறொன்றையும் பார்க்க முடியாது. ஆகையால் நான் ஒரு சாதாரண நாளில், விடிவதற்கு முன்பே கிளம்பினேன். இந்திர லிங்கம், அக்கினி லிங்கம் என்று ஒவ்வொன்றாகத் தரிசித்துக்கொண்டு, செங்கம் சாலை வழியே ரமணாசிரமத்துக்கு எதிரே வந்தபோது கிழக்கு வெளுத்தது.

வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன் வீட்டைத் துறந்து 1896 செப்டம்பர் 1-ந் தேதி இந்த ஊருக்கு வந்து இறங்கினான். 1950 ஏப்ரல் 14-ந் தேதி இரவு ரமண மகரிஷியாகச் சமாதி அடையும் வரையில் அவர் இந்த மலையை விட்டுப் போகவேயில்லை. அவரைத் தேடி அந்த நாட்களிலேயே இங்கிலீஷ்காரர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். 1911-ல் ஹம்ஃப்ரீஸ் என்ற போலீஸ் அதிகாரி வந்தார். பால் பிரன்டன் வந்து பார்த்துப் போய் எழுதிய புத்தகம் 1934-ல் வெளியாயிற்று. 1935-ல் மேஜர் சாட்விக் வந்து இங்கேயே தங்கிவிட்டார். 1938-ல் பிரசித்தி பெற்ற கதாசிரியர் சாமர்செட் மாம் வந்தார். அன்று தொடங்கிய போக்குவரத்து இன்று வரையில் நிற்கவில்லை. செங்கம் சாலையிலும் கிரிவலப் பாதையிலும் தமிழுக்கு அடுத்தபடியாக அடிக்கடி காதில் விழுவது ஆங்கிலமாகத்தான் இருக்கிறது. 1947-ல் ஆங்கிலேயனை அனுப்பிவைத்தோம். அவன் பாஷையை நம்மோடு வைத்துக்கொண்டோம். வைத்துக்கொண்ட பொருளை உபயோகிக்கும் முறையையும் தெரிந்துகொள்வதுதானே விவேகம்?

குறைத்துச் சொல்வதில் மகரிஷியும் சளைத்தவரல்லர். 1924 ஜூன் மாதம் 26-ந் தேதி இரவு ஆசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். அங்கே அவர்களுக்கு என்ன கிடைக்கும்? ஆத்திரத்தில் கையில் இருந்த தடியால் உள்ளே இருந்தவர்களை அடித்தார்கள். மகரிஷியின் தொடையிலும் ஓர் அடி விழுந்தது. திருப்தி இல்லையானால் மற்றக் காலிலும் அடிக்கலாம் என்று அவர் சொன்னாராம். பிறகு விசாரித்த அன்பர்களிடம், தமக்கும் பூசை கிடைத்தது என்று சிலேடையாகச் சொன்னதாக அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். சாமிக்குச் செய்வதும் பூசை. முதுகில் வைப்பதும் நம் பேச்சில் பூசைதான். வலி, கோபம், பழி ஒன்றையும் காட்டாமல், ஒரே சொல்லுக்குள் நடந்ததை எல்லாம் அடக்கிச் சிரித்துவிட்டார். ஆங்கில இலக்கணக்காரர்கள் இந்த அடக்கிச் சொல்லும் வித்தைக்குப் பெரிய பெரிய கிரேக்கப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். 'லைட்டோட்டீஸ்' என்பது அவற்றுள் ஒன்று; எதிர்மறையால் உடன்பாட்டைச் சொல்வது. 'எளியது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம் பள்ளிக்கூடப் பாடங்களில் உயர்வு நவிற்சிக்கு நல்ல ஆசனம் போட்டு உட்கார வைத்திருக்கிறோம். அதன் தம்பியாகிய இந்தத் தாழ்வு நவிற்சியோ வாசலிலேயே நிற்கிறது.

* * *

செங்கம் சாலையை விட்டு வலப்புறம் திரும்பினால் மரநிழல் ஆரம்பமாகிறது. வழியெல்லாம் சாதுக்கள், சிறு சிறு மண்டபங்கள், குளங்கள். சில நந்திகள் தம் எதிரே இருக்கும் சந்நிதியைப் பார்க்காமல் மலையையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கின்றன. மலையே லிங்கம் என்பது இவ்வூர்க் கொள்கை. மலையும் நாம் நடக்க நடக்க உருவம் மாறிக்கொண்டு வருகிறது. கிழக்கே இருந்து பார்த்தால் ஒற்றைச் சிகரம். தெற்கே வந்தால் தோள்களும் முதுகும் தெரிகின்றன. அடி அண்ணாமலைக்கு வந்து பார்க்கும்போது, அது வேறொரு மலையோ என்று சந்தேகம் வந்துவிடும்.

கிராமத்தின் தலைப்பில் ஒரு டீக்கடை. கீற்றுக் கொட்டகை, வாசலில் ஒரு பெஞ்சு. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் பாய்லருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய மகள் கண்ணாடித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெஞ்சின் மேல் ஒரு நோட்டுப் புத்தகம் கிடந்தது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு நான் உட்காரப் போனேன்.

"அத அப்படி வையுங்க சார், ஈரம் படப்போவுது" என்றாள் பெண்.

"என்னம்மா இது, பாட நோட்டா?"

"பாடமில்லீங்க. சும்மா எழுதினது. இனிமே அடுப்புக்குத்தான்."

அடுப்புக்குப் போக இருந்த அந்த நோட்டை உத்தரவு பெற்றுக்கொண்டு பிரித்துப் பார்த்தேன். எட்டுப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அவளுடைய பாட்டி, கண் பார்வை மங்கிய பிறகும் தினந்தோறும் எப்படி மலையைச் சுற்றினாள், காலடியில் படும் கல்லையும் மணலையும் கொண்டே எந்த இடம் என்று எப்படிச் சொல்லுவாள் என்பதுதான் விஷயம். இலக்கணப் பிழைகள் இருந்தன. ஆனால் கடைசிப் பக்கம் வரையில் கீழே வைக்க மனம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கட்டுரை நோட்டுகளைத் திருத்தி வருகிறவன், அந்த மாதிரி நோட்டு வருஷத்துக்கு ஒன்று கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்று சொல்வேன்.

கடைசிப் பக்கத்தின் அடியில் வேறொரு கையெழுத்து இருந்தது. நீல மையில் மூன்றே வரி. அதில் முதல் வரி: 'நாட் பேட் அட் ஆல்.'

விவரம் விசாரித்தேன். கிரிவலப் பாதையில் வாடகைக்கு வீடு எடுத்திருக்கும் ஓர் ஆங்கில மாது தினமும் இந்தக் கடையில் டீ குடிப்பது வழக்கமாம். எழுபது வயதுக்கு மேல் இருக்குமாம். பெண் ஒருநாள் துணிச்சலாக நோட்டை அந்த அம்மையாரிடம் கொடுத்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்து நோட்டு திரும்பி வந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு, அரசுக் கலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்க விண்ணப்பம் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பெண், அந்த முதல் வரியைப் படித்ததோடு விண்ணப்பத்தை மறந்துவிட்டாள். செய்யாற்றுப் பக்கம் செருப்புத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள். தெருவில் நாலு பெண்கள் போகிறார்கள். அவர்களோடு போய்விடலாம் என்பது புதிய யோசனை. விண்ணப்பத்துக்கு இன்னும் மூன்று நாள்தான் பாக்கி.

"வெள்ளக்கார அம்மாவே 'ஒரேடியா கெட்டுப் போவல' அப்படின்னு எழுதிட்டாங்க சார். வேற யாரக் கேக்கறது?" என்றாள்.

அகராதியை வைத்துக்கொண்டு பார்த்தால் அவள் சொன்னதில் குற்றம் இல்லை. 'நாட்' என்றால் இல்லை. 'பேட்' என்றால் கெட்டது. 'அட் ஆல்' என்றால் முற்றிலும். மூன்றையும் கூட்டினால் 'முற்றிலும் கெட்டுவிடவில்லை'. கணக்கு சரி, விடைதான் தப்பு.

* * *

நேயர்கள் வீட்டிலும் ஆங்கிலம் படிக்கும் குழந்தைகள் இருப்பார்கள். ஆகையால் அன்று பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பெண்ணுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலேயர் ஒருவரை 'சௌக்கியமா?' என்று விசாரித்தால், 'நாட் பேட்' என்பார். 'சௌக்கியந்தான், என்னைப் பற்றி நீட்டி முழக்குவானேன்' என்பது அதன் தாத்பரியம். 'நாட் டூ பேட்' என்றால், சிறிது ஜலதோஷமோ வீட்டுக் கவலையோ இருக்கலாம், ஆனாலும் காலம் ஓடுகிறது என்று கொள்ளவேண்டும். விருந்தில் ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு, புருவத்தை உயர்த்தி, 'பேட்' என்ற சொல்லைக் கொஞ்சம் நீட்டி 'நாட் பேட்' என்றால், சமைத்தவள் சந்தோஷப்படலாம். அதையே முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டினாற்போல் சொன்னால், 'ஏதோ வயிற்றை நிரப்பியாயிற்று' என்றுதான் பொருள். 'ஒரு குடையை எடுத்துக்கொண்டு போவது நாட் எ பேட் ஐடியா' என்று ஒருவர் சொன்னால், அது யோசனையல்ல, கட்டளை, மழை நிச்சயம். 'நாட் பேட் ஃபார் எ பிகினர்' என்றால், புதிதாகக் கற்பவனுக்கு இது போதும் என்று பாராட்டுக்கு வேலி போட்டுவிட்டார் என்று அர்த்தம். 'நாட் ஹாஃப் பேட்' என்பதுதான் எல்லாவற்றிலும் விசித்திரம். பாதி கெட்டதல்ல என்றால், மிச்சப் பாதியின் கதி என்ன என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்கோ அது 'வெகு நன்றாயிருக்கிறது' என்பதற்குச் சமம். கடைசியாக, 'நாட் பேட் அட் ஆல்'. இதை ஒரு வயதான ஆங்கில மாது எழுதினால், நாம் 'பேஷ்!' என்று தொடையைத் தட்டுவதாக வைத்துக்கொள்ளவேண்டும்.

கணக்கில் மைனஸும் மைனஸும் பெருகினால் பிளஸ். பேச்சிலும் இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடு என்று இலக்கணம் சொல்லும். ஆனால் அந்த உடன்பாடு எவ்வளவு பெரியது என்று இலக்கணம் சொல்லாது. ஒருவர் வாயில் அது 95 மார்க்கு. மற்றொருவர் வாயில் 35 மார்க்கு. சொல்லுகிறவர் யார், யாரிடம் சொல்லுகிறார், எந்தக் குரலில் சொல்லுகிறார் என்று பார்த்துத்தான் மார்க்குப் போடவேண்டும். இந்த வழக்கம் எல்லை மீறிப் போவதைக் கண்டு ஆங்கிலேயர்களே சிரித்ததும் உண்டு. நம் நாட்டில் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல், 1946-ல் எழுதிய ஒரு கட்டுரையில், இப்படி எதிர்மறையை எதிர்மறையால் மூடி எழுதும் எழுத்தாளர்களைப் பரிகாசம் செய்தார். ஒரு நாயையும் முயலையும் வயலையும் கொண்டு வேடிக்கையான வாக்கியம் ஒன்று கட்டி, அதை மனப்பாடம் செய்தால் இந்த வியாதி தீரும் என்று மருந்தும் கொடுத்தார்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த பெண், "நல்லா இருக்குதுன்னா, நல்லா இருக்குதுன்னே எழுதியிருக்கலாமே சார்?" என்றாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் அவள் வீட்டிலேயே இருந்தது.

"ஏம்மா, நீ பத்தாவதில் நல்ல மார்க்கு வாங்கி வந்தபோது உங்கள் அம்மா என்ன சொன்னார்கள்?"

பெண் தாயாரைப் பார்த்தாள். தாயார் பாய்லரைப் பார்த்துக்கொண்டே, "என்னாத்த சொன்னேன்? பரவாயில்லியேன்னு சொன்னேன்" என்றாள்.

"அதோடு நிறுத்தினீர்களா?"

"தெருவுல இருக்கிற வூட்டுக்கெல்லாம் மிட்டாய் குடுத்தேன்."

பெண் சிரித்துவிட்டாள். பாடம் பாதி முடிந்தது.

* * *

தமிழில் 'பரவாயில்லை' என்ற சொல் எத்தனை வேஷம் போடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். பஸ்ஸில் காலை மிதித்துவிட்டு வருந்துகிறவனிடம் 'பரவாயில்லை' என்றால் மன்னிப்பு. இன்னும் ஒரு தம்ளர் காபி சாப்பிடச் சொல்லும்போது 'பரவாயில்லை' என்றால் வேண்டாம். ஜுரமாய்ப் படுத்தவர் 'இன்றைக்குப் பரவாயில்லை' என்றால் நேற்றைவிடக் குணம். கடன் வாங்கியவர் தவணை கேட்கும்போது, 'பரவாயில்லை, மெதுவாகக் கொடுங்கள்' என்றால், வாய் சொல்வது ஒன்று, வயிறு சொல்வது ஒன்று. கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்த சம்பந்தியம்மாள் 'சாப்பாடு பரவாயில்லை' என்று சொல்லிவிட்டால், அங்கே யுத்தம் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம். அதே சொல்லின் வாலில் ஓர் ஏகாரத்தைச் சேர்த்து, 'பரவாயில்லையே!' என்று வியந்துவிட்டால், அது கிரீடம். தேற்றப் பொருளில் வரும் ஏகாரம் என்று நாம் பாடம் சொல்லிக்கொடுக்கும் அந்த ஓர் எழுத்து, 35 மார்க்கை 95 மார்க்காக மாற்றிவிடுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்தச் சொல் நம்முடைய சொந்தச் சரக்கும் அல்ல. கவலை, லக்ஷியம் என்று பொருள்படும் 'பர்வா' என்ற பாரஸீகச் சொல்லோடு நம்முடைய 'இல்லை'யைச் சேர்த்துத் தைத்த சட்டை அது. 'படம் எப்படி?' என்று கேட்டால் 'சுமார்' என்கிறோமே, அதுவும் பாரஸீகத்தில் எண்ணிக்கையைக் குறிக்கும் சொல்தான். இரவல் வாங்கிய துணியாயிருந்தாலும் நம் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்டுவிட்டோம். பாரஸீகத்தை அப்படிச் செய்தவர்களுக்கு ஆங்கிலத்தைச் செய்வதில் என்ன கஷ்டம்?

வழக்கம் ஒன்றாயிருந்தாலும் காரணம் இரு நாட்டிலும் ஒன்றல்ல என்பது என் அபிப்பிராயம். ஆங்கிலேயருக்கு நாலு பேர் எதிரில் உணர்ச்சியைக் கொட்டுவது மரியாதைக் குறைவு. நமக்கோ கண்ணேறு பயம். குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் 'கொழுகொழு' என்று சொல்லமாட்டோம். கன்னத்தில் மை இடுவோம். நல்ல நெல் விளைந்தால் 'ஏதோ விளைந்தது' என்போம். 'நீட்டிப் புகழ்ந்தால் நீர்த்துப் போகும்' என்ற அச்சம் இரண்டிலும் இருக்கிறது. அவர்கள் அன்பைச் சட்டைப் பைக்குள் வைக்கிறார்கள். நாம் முந்தானையில் முடிந்து வைக்கிறோம்.

சட்டைப் பையில் வைத்தது சமயத்தில் உதவுவதும் உண்டு. 1982 ஜூன் 24-ந் தேதி இரவு, லண்டனிலிருந்து புறப்பட்டுப் பம்பாய், சென்னை, கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியா நோக்கிப் பறந்த பிரிட்டிஷ் விமானம் ஒன்று, ஜாவாத் தீவருகே எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்துவிட்டது. நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன. விமானத் தலைவர் எரிக் மூடி பிரயாணிகளிடம், ஒரு சிறிய சிக்கல் ஏற்பட்டிருக்கிறது, நான்கு எஞ்சின்களும் நின்றுபோயின என்று நிதானமாகத் தெரிவித்தார். எஞ்சின்கள் மீண்டும் உயிர் பெற்று, விமானம் ஜாகர்த்தாவில் பத்திரமாக இறங்கிற்று. அந்தச் 'சிறிய சிக்கல்' எத்தனை பேருக்குத் தைரியம் கொடுத்திருக்கும்!

ஆனால் அதே வழக்கம் ஆளை விழுங்கியதும் உண்டு. 1951 ஏப்ரல் மாதம் கொரியாவில் இம்ஜின் நதிக்கரையில் பிரிட்டிஷ் படை ஒன்றைச் சீனப் படைகள் சூழ்ந்துகொண்டன. நிலைமை எப்படி என்று கேட்ட அமெரிக்கச் சேனாபதியிடம், பிரிட்டிஷ் தளபதி பிரோடி, 'கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது' என்னும் பொருள்பட ஆங்கிலேய வழக்கப்படி சொன்னாராம். 'மூழ்கிக்கொண்டிருக்கிறோம்' என்பது அதன் உள்ளர்த்தம். அமெரிக்கருக்கும் பாஷை ஆங்கிலந்தான். ஆனால் அவர் அதைக் 'கொஞ்சம்' என்றே எடுத்துக்கொண்டார் என்று யுத்த சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். குளஸ்டர்ஷயர்ப் படைப்பிரிவில் பலர் மாண்டார்கள்; நூற்றுக்கணக்கானவர்கள் சிறைப்பட்டார்கள். ஒரு சொல்லின் தலையில் அவ்வளவு பழியையும் சுமத்துவது நியாயமாகாது. ஆனாலும் சொல்லைக் கேட்டவர் குரலைக் கேட்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

* * *

கொரியா வரையில் போகவேண்டிய அவசியமே இல்லை. அந்த டீக்கடைக்குள்ளேயே ஓர் இம்ஜின் நதி ஓடிக்கொண்டிருந்தது.

தம்ளரைக் கொடுக்க வந்த அம்மாள் இடது காலை ஊன்றாமல், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்ததை அப்போதுதான் கவனித்தேன். "காலில் என்னம்மா?" என்று கேட்டேன்.

"முட்டிதாங்க. பரவாயில்ல."

பெண்ணின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்துவிட்டது. "ராத்திரியில தூங்கறதே இல்ல சார். போன மாசம் டாக்டர்கிட்ட இட்டுனு போனேன். 'எப்படிம்மா இருக்குது?'ன்னு அவரு கேட்டாரு. இதே மாதிரி 'பரவாயில்லீங்க'ன்னு சொல்லிட்டாங்க. பத்து மாத்திரய எழுதிக் குடுத்து அனுப்பிட்டாரு" என்றாள்.

"பெரியவர்கிட்ட போயி அழுதுனு நிக்கச் சொல்றியா?" என்றாள் தாயார்.

எனக்குச் சிறிது நேரம் ஒன்றும் பேசத் தோன்றவில்லை. ஒரே கடையில், ஒரே மாதத்தில், ஒரே விதமான சொல் இரண்டு தடவை பிழையாக எடைபோடப்பட்டிருந்தது. ஆங்கில மாது பெரிய சந்தோஷத்தைச் சிறிய சொல்லுக்குள் வைத்தாள். பெண் சொல்லை மட்டும் பார்த்தாள். தாயார் பெரிய வேதனையைச் சிறிய சொல்லுக்குள் வைத்தாள்; மருத்துவர் சொல்லை மட்டும் கேட்டார். நம் ஜனங்கள், முக்கியமாக நம் ஸ்திரீகள், பசியையும் வலியையும் 'பரவாயில்லை' என்ற ஒரு மூடியைப் போட்டு எத்தனை காலமாக மூடி வைத்திருக்கிறார்கள்! சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்வதில் அழகு இருக்கிறது. வலியைக் குறைத்துச் சொல்வதில் வீரங்கூட இருக்கிறது. ஆனால் வைத்தியரிடத்தில் குன்றக் கூறினால், நன்னூலார் சொன்னபடி அது குற்றமேதான்.

அதைத்தான் அந்த அம்மாளிடம் சொன்னேன். "அம்மா, டாக்டரிடம் போனால் கணக்காகச் சொல்லவேண்டும். எத்தனை படி ஏறினால் வலிக்கிறது, ராத்திரி எத்தனை தரம் எழுந்திருக்கிறீர்கள், எத்தனை நாளாக என்று. அது அழுகையல்ல, விவரம்" என்றேன். பெண்ணிடம், "அடுத்த முறை அம்மா வாயைத் திறப்பதற்கு முன் நீ சொல்லிவிடு" என்றேன்.

"சொல்றேன் சார்" என்றாள். பிறகு நோட்டை எடுத்து, நீல மையில் இருந்த மூன்று வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டு மறுபடி படித்தாள். இரண்டாவது வரியில், பாட்டி மணலைக் காலால் தடவிப் பார்க்கும் இடத்தை மட்டும் இன்னும் விரித்து எழுதலாமே என்று அந்த மாது கேட்டிருந்தாள். மூன்றாவது வரியில், அடுத்த நோட்டு எப்போது வரும் என்று கேட்டிருந்தாள். கெட்டுப் போகாத எழுத்துக்கு மட்டும் யாராவது இப்படிக் கேட்பார்களா? முதல் வரியிலேயே மனம் ஒடிந்துவிட்டபடியால், மற்ற இரண்டு வரிகளும் அவள் கண்ணில் பட்டும் படாமற் போயிருந்தன.

"விண்ணப்பம் போடறதுக்கு இங்கியே நெட் சென்டர் இருக்குதுங்க" என்று தாயாரைப் பார்த்துச் சொன்னாள்.

"கடைய நான் பாத்துக்கறேன், போய்ட்டு வா" என்றாள் தாயார். உடனே என் பக்கம் திரும்பி, "முட்டி வலிதான். ஆனா ஒரு மணி நேரம் நிக்கலாம்" என்றாள். அதுதான் அன்று அவள் சொன்ன முதல் கணக்கு.

* * *

டீக்குக் காசு கொடுத்துவிட்டு ஊருக்குள் போய்க் கோயிலைத் தரிசித்தேன். கூட்டமில்லை, குருக்களையும் இரண்டு கிழவிகளையும் தவிர யாரும் இல்லை. சந்நிதியில் தீபாராதனை ஆனபோது அடித்த ஒற்றை மணியின் நாதம் அடங்கும் வரையில் நின்று கேட்க முடிந்தது. பெரிய கோயிலில் அது கிடைக்காத பாக்கியம். பிராகாரத்தில் நின்று நிமிர்ந்தால் மலை முழுவதும் தெரிகிறது. இவ்வூரில் மாணிக்கவாசகருக்கும் ஒரு கோயில் இருக்கிறது. அவர் திருவெம்பாவையைப் பாடியது இங்கேதான் என்பது கர்ணபரம்பரை. மார்கழி மாதத்து விடியற்காலையில் தமிழ்நாட்டுச் சிவாலயங்களில் எல்லாம் ஒலிக்கும் அந்தப் பாட்டுக்குப் பிறந்த வீடு என்று உரிமை கொண்டாடக்கூடிய ஊர், அதைக்கூட உரக்கச் சொல்லாமல் இருக்கிறது.

நேயர்களில் யாராவது திருவண்ணாமலைக்குப் போவதாயிருந்தால், பெரிய கோபுரத்தைப் பார்த்ததோடு திரும்பிவிட வேண்டாம். மலையைச் சுற்றிக்கொண்டு பின்புறமும் வாருங்கள். ஊராரிடம், 'இங்கே கோயில் எப்படி?' என்று கேட்டால், 'பரவாயில்லீங்க, சின்னக் கோயில்தான்' என்பார்கள். அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், சொல்லுகிறவர் முகத்தைப் பாருங்கள். வீட்டுக்குத் திரும்பிய பிறகு, அடுப்பங்கரையிலிருந்து 'பரவாயில்லை' என்று ஒரு குரல் வந்தாலும் அப்படியே செய்யுங்கள்.